கண்ணாடியில் வைத்த பொட்டு

எதிரே வருகிறவனின் கண்ணில் வாகன வெளிச்சத்தை அடித்துவிட்டு, "அது ஓட்டோ, தானாக் குறையும்" என்று சொல்லும் ஆட்களைக் கண்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அப்படிச் சொன்ன முதல் ஆள் என் அக்காவின் கணவர் என்பதுதான் கொடுமை.

அத்தான் ஜப்பானில் ஓடிய ஜீப் ஒன்றை வாங்கினார். எதிரே வாகனம் வந்தால் அதன் பெரிய லைட் தானாகவே தணியுமாம். முன்கண்ணாடியின் மேலே, உள்பக்கமாக இருக்கும் சின்னக் கமராதான் அதற்குக் கண் என்று வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் காட்டிப் பூரித்தார். வாங்கிய கையோடு கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்தார்கள். சில்லுக்கடியில் தேசிக்காய் நசிந்தது, தேங்காய் உடைந்தது, ஐயர் கண்ணாடியின் மேலே நட்டநடுவில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். அக்கா அதை அழியவிடவே இல்லை. ஜீப்பைக் கழுவும்போதும் துணி அதைச் சுற்றித்தான் போகும்.

ஒரு நாள் பொழுதுபட்ட நேரம், டியூஷன் முடிந்த மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தை மரைன் டிரைவில் வந்துகொண்டிருந்தேன். தெருவிளக்கு எரியாத துண்டு அது. எதிரே வந்த வெளிச்சம் முகத்தில் அறைந்தது. தணியும், தணியும் என்று பார்த்தேன். தணியவில்லை. கண் இருட்டி, நடைபாதை விளிம்பில் முன்சில்லு மோதி, இருவரும் விழுந்தோம். மகளின் கை அவளுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

வெளிச்சத்தின் சொந்தக்காரர் ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பார்த்தால் அத்தான்.

"என்ன பிள்ளை, பார்த்து வரக்கூடாதோ?"

"உங்கட லைட்டில ஒண்டுமே தெரியேல்ல அத்தான்."

"சும்மா கதையாதை. அது ஓட்டோ. தானாக் குறைஞ்சிருக்கும்."

மகள் வலியில் முனகுகிறாள், இந்த மனிதர் லைட்டுக்கு வக்காலத்து வாங்குகிறார். அருவருப்பாக இருந்தது. அருவருத்துக்கொண்டே அதே ஜீப்பில் ஏறி, மகளை அணைத்தபடி பின்னால் உட்கார்ந்தேன்.

களுபோவில ஆஸ்பத்திரி வரைக்கும் எதிரே வந்தவர்கள் எல்லோரும் தணிக்கச் சொல்லி லைட்டை வெட்டி வெட்டிக் காட்டினார்கள். "எல்லாருக்கும் விசர்" என்றார் அத்தான். அவருக்கு முன்னாலிருந்த மீட்டரில் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஜப்பானிய எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? பூசை முடிஞ்ச நாளில இருந்து கிடக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். கமராவுக்கு நேர் முன்னால், கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், காய்ந்து இறுகிய சந்தனம். ஜீப்பின் கண்ணையே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

மகளின் கையில் எலும்பு வெடித்திருந்தது. கட்டுப்போட்டு முடிந்ததும் அத்தான் போனில் கதைத்துக்கொண்டு நிற்க, நான் அவளுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்து, சால்வை நுனியை நனைத்து, அந்தப் பொட்டைத் தேய்த்துத் துடைத்தேன். திரும்பி வரும்போது ஒவ்வொரு வாகனத்துக்கும் லைட் மரியாதையாகத் தணிந்தது.

"பார்த்தியா? நான் சொன்னனான்தானே" என்றார் அத்தான். சந்தனம் ஒட்டிய சால்வை நுனியை உள்ளே மடித்து வைத்தேன்.

மறுநாள் காலை அக்கா கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். "பொட்டு அழிஞ்சு போச்சு. அதுதான் பிள்ளை விழுந்தவள்."

"அக்கா, அதைத் துடைச்சது நான். விழுந்த பிறகு துடைச்சனான். அது கமராவை மறைச்சுக்கொண்டு நிண்டது."

"சாமி விசயத்தில வாய் வைக்காதை" என்றாள். அத்தான் ஓம் என்பதுபோல் தலையாட்டினார். எனக்கு இருவரையும் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பூசை. கட்டுப்போட்ட கையோடு என் மகளை ஜீப்பின் பக்கத்தில் நிறுத்தி, அவள் பெயரில் அர்ச்சனை செய்தார்கள். ஐயர் அதே இடத்தில், முன்னையதைவிடப் பெரிதாகச் சந்தனத்தை அப்பினார். அது கெதியாகக் காயட்டும் என்று அக்கா பக்கத்தில் நின்று கையால் விசிறிக்கொண்டிருந்தாள்.