மேகம்: சம்பத் சொன்னது

காலை ஏழரை மணிக்குக் கைப்பேசி அடித்தது. “சார், அண்ணன் போய்ட்டாரு. தூக்கத்துலயே” என்றார் கணியம்பாடி ஓவியர் சம்பத். ஆலங்காயம் ஏழுமலையின் மரணத்தை எனக்குச் சொல்ல அவர் வீட்டிலேயே ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் சம்பத் வாயால் அதைக் கேட்டபோது துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அது ஏன் என்று ஏழுமலையை அறிந்தவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் பள்ளிச் சுவர்களில் பலாமரமும் மயிலும் வரைந்தவர் ஏழுமலை. வேறு யாராவது வரைந்ததில் ஏதாவது பிடித்துவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டு, அதை எப்படிச் செய்தார்கள் என்று நேரில் போய்க் கேட்பார். தன்னைவிட வயதில் இளையவர் என்றாலும் தயங்க மாட்டார். லாரிப் பட்டறையில் தாமரை வரைந்துகொண்டிருந்த கஃபூரிடம் இதழ் ஓரத்தில் நிறம் எப்படிக் கரைகிறது என்று ஒருமுறை கேட்டார். “உனக்கு இன்னாத்துக்குய்யா?” என்றார் கஃபூர். “நாளைக்கு நானும் வரைவேன். கீழ உன் பேரப் போடுவேன்” என்றார் இவர். சொன்னபடியே போட்டார். அவருடைய சுவர்களின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் இதைப் பார்க்கலாம்: ‘இதழ்: கஃபூர் சொன்னது.’ ‘இலை: வேடியப்பன் சொன்னது.’ அவர் பெயர் கடைசியில் வரும். சில சுவர்களில் அது விட்டுப்போயிருக்கும்.

கணியம்பாடியில் ஒரு சுவரில் சம்பத் வரைந்திருந்த மேகத்தின் முன்னால் அவர் அரை நாள் நின்றார். ஓரமே தெரியாத மேகம். வெள்ளையில் கோந்து கலந்து தடவ வேண்டும் என்று சம்பத் சொன்னார். புதூர்நாட்டில் ஒரு பள்ளிச் சுவரில் ஏழுமலை அப்படியே செய்தார். முதல் மழையில் மேகங்கள் சுருண்டு உதிர்ந்தன. ‘மேகம்: சம்பத் சொன்னது’ என்ற வரி மட்டும் அழியாமல் நின்றது.

அந்தச் சமயத்தில் பத்திரிகை நிருபரான நான் வேறு வேலையாகப் புதூர்நாட்டுக்குப் போயிருந்தேன். சுவரைப் பார்த்ததும் அந்த வரியைக் கேலி என்று நினைத்தேன். உரிந்த மேகத்தின் கீழே சக ஓவியருக்கு ஒரு குட்டு என்று பெட்டிச் செய்தி எழுதினேன். ஏழுமலையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தி வந்த பிறகு சம்பத் அவரோடு பேசுவதை நிறுத்தினார். கல்யாணப் பந்தியில் ஏழுமலை எதிரில் உட்கார்ந்தால் சம்பத் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார். ஒன்பது ஆண்டுகள் இப்படியே போயின.

சென்ற ஆண்டு ஏழுமலைக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, ஏணி ஏறக் கூடாது என்றார்கள். பார்க்கப் போனபோதுதான் அந்த வரியை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“கேலியா? இன்னா சார் நீங்க. சொன்னவன் பேர எழுதறது நம்ம வழக்கம். உரிஞ்சது என் கைக்கோளாறுன்னு நெனச்சேன். பேர அழிச்சா அவன் சொல்லிக் குடுத்ததே இல்லன்னு ஆயிடும்ல?”

பிறகு, “அப்பவே கேட்டிருந்தீங்கன்னா ஒரு டீயோட முடிஞ்சிருக்கும்” என்றார். அதிலும் கோபம் இல்லை.

மறுநாள் கணியம்பாடிக்குப் போய், என் தவற்றை முதலில் சொல்லி, ஏழுமலை சொன்னதைப் பிறகு சொன்னேன். சம்பத் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது.

“கோந்துன்னு சொன்னது பொய் சார். எனக்கே தெரியாது. அன்னிக்குத் தூறல் வந்து பெயிண்ட் வழிஞ்சிச்சி. பயந்துபோயி லுங்கியால ஒத்தி எடுத்தேன். பாத்தா மேகம். அவ்ளோ பெரிய ஆளு வந்து கேக்கறப்ப தெரியாதுன்னு எப்டி சொல்றது? இப்ப போய்ச் சொன்னா மூஞ்சிலயே துப்புவாரு.”

ஆனாலும் அன்றே என்னோடு ஆலங்காயத்துக்குப் பேருந்து ஏறினார். ஏழுமலை வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஏழுமலை ஒன்றுதான் கேட்டார்.

“லுங்கி புதுசா, பழசா?”

“பழசுணா.”

“அதான பாத்தேன். உள்ள வா.”

இரண்டு வாரம் கழித்து மூவரும் ஜீப்பில் புதூர்நாட்டுக்குப் போனோம். தூறலுக்குப் பதிலாக, வயலுக்கு மருந்தடிக்கும் டேங்க் ஒன்றைக் கழுவித் தண்ணீர் நிரப்பி எடுத்துக்கொண்டோம். ஏழுமலை கீழே நாற்காலியில் உட்கார்ந்து, எப்போது தெளிப்பது, எப்போது ஒத்துவது என்று சொல்ல, சம்பத் ஏணியில் நின்று செய்தார். மூன்றாம் முறை மேகம் வந்தது. ஏழுமலை தூரிகையை வாங்கினார். பழைய வரியைத் தொடவில்லை. அதன் கீழே, ‘லுங்கி: பழசு’ என்று எழுதினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சம்பத்தும் நானும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு மழைக்காலம் முழுவதும் நனைந்த பிறகும் மேகம் அப்படியே இருக்கிறது.

இருவரிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்டதை ஏழுமலையின் வழக்கப்படியே கீழே எழுதிவிடுகிறேன்.

மேகம்: சம்பத் சொன்னது.
எழுதுவதற்கு முன் கேட்பது: ஏழுமலை சொன்னது.