பத்து மணி பஸ்ஸில் போனவன்

மனைவி போன பிறகு எனக்கு வீட்டில் பேச்சுத் துணையில்லை. திருத்தணியிலிருந்து தினமும் பத்து மணி பஸ் பிடித்து அம்மையார்குப்பம் போவேன். அங்கே நிழலே இல்லாத ஒரு நெசவாளர் தெருவில் இருபது வேப்பங்கன்றுகள் நட்டு, கூண்டும் வைத்திருந்தேன். நான் மட்டும்தான் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றினேன். யாரும் கிட்டே வரவில்லை.

நாலு மாதம் கழித்து ஒருநாள் போனால், கூண்டுகளைப் பிடுங்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வாசலில் நின்ற பெண்ணிடம் கத்திவிட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "காத்தால தெரு நீளத்துக்கும் தறிக்குப் போடுற பாவு நூல இழுத்து நீட்டிகினு இருப்போம் சார். கூண்டுல மாட்டி அறுந்துபோவுது. நீங்க வர்றதுக்குள்ள சுருட்டிடுறோம், உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் பின்னாடி நாங்க உக்காந்து நூல் சுத்துற எடத்துலதான் வெயில் தாங்கல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

பிழைத்த கன்றுகளைப் பின்பக்கம் மாற்றி நட்டோம். இப்போதெல்லாம் எந்த ஊருக்கு எது செய்வதானாலும், முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்து, கேட்ட பிறகே கைவைக்கிறேன்.

நேற்று அந்த நெசவாளர் தெருவுக்குக் குடத்தோடு போனேன். கன்றுகளின் அடியில் மட்டும் மண் ஏற்கெனவே நனைந்திருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, திரும்பும் பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.