ஸ்லாத்கா அத்தை வீட்டு ஓட்டல் அறை

பல்கேரியாவின் ரூசே நகரில் எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் ஸ்லாத்கா அத்தை இருந்தார். நாங்கள் அதற்கு நேர் கீழே. அத்தைக்குப் பாலர் பள்ளிச் சமையற்கட்டில் வேலை. அவர் கணவர் பென்யோ மாமா சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். கோடை முழுவதும் ஜெர்மானியர்களையும் போலந்துக்காரர்களையும் கருங்கடல் கரைக்கு ஏற்றிக்கொண்டு போவார். அவர் வீடு திரும்பியதும் சூப் கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டு அத்தை எதிரே உட்கார்ந்துகொள்வார்.

"இந்தத் தடவை ரூம் எப்படி இருந்துச்சு?"

மாமா ஆரம்பிப்பார். கால் புதையும் கம்பளம். நட்டநடுப் பகலை இருட்டாக்கும் திரைச்சீலை. கட்டிலின் இரு பக்கமும் ஆளுக்கொரு விளக்கு. தலையணைமேல் ஒரு சாக்லேட். ஜன்னல் திறந்திருந்தால் கீழே எங்களுக்கும் கேட்கும். என் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்.

அவர்கள் படுக்கையறை எங்களுடையதைப் போலத்தான். சுவரை ஒட்டிக் கட்டில், அதற்கடியில் மிளகாய் ஊறுகாய் ஜாடிகள், அலமாரிமேல் கயிறு கட்டிய பெட்டிகள், மூலையில் வெங்காய மூட்டை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வசந்தகாலம். மாமா சீசனின் முதல் பயணம் கிளம்பியதும் அத்தை ஜாடிகளை ஒவ்வொன்றாக மாடிப்படிக்குக் கொண்டுவந்தார்.

"என்ன ஸ்லாத்கா, வீடு காலி பண்றியா?" என்றார் அம்மா.

"ஓட்டல் திறக்கிறேன். அந்த மூட்டையோட ஒரு முனையைப் பிடி."

சுவருக்கு வெண்ணெய் நிறத்தில் சுண்ணாம்பு அடித்தார். கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டார். பழைய கம்பளிகளுக்கு மேல் சிவப்புத் துணி வைத்துத் தைத்துத் திரையாக்கினார். பூச்சாடிகள் இரண்டு விளக்குகளாயின. விரிப்புக்குக் கஞ்சி போட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் மெத்தைக்கடியில் செருகினார். பள்ளியில் கழித்துப்போட்ட தொலைபேசி ஒன்றைத் துடைத்துக் கட்டில் பக்கத்தில் வைத்தார். எங்கள் கட்டடத்தில் யாருக்கும் அப்போது இணைப்பே கிடையாது.

"யாருகூடப் பேசப் போறே?"

"யாருகூடயும் இல்ல. ஓட்டல்னா போன் இருக்கணும்."

மாமா திரும்பிய மாலையில் அம்மாவும் நானும் மேலேதான் இருந்தோம். அத்தை அவர் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய்க் கையை எடுத்தார். மாமா தொப்பியைக் கழற்றினார். கட்டிலின் ஓரத்தில், விரிப்பு கசங்குமோ என்று பயப்படுபவர் போல உட்கார்ந்தார். விளக்குகளையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிடிக்கலையா?"

"ஸ்லாத்கா, நான் இப்படி ஒரு ரூம்ல படுத்ததே இல்ல."

"பின்னே நீ சொன்னதெல்லாம்?"

"டிரைவர்களுக்குச் சமையற்கட்டுக்குப் பின்னாடி ஒரு அறை. நாலு கட்டில், ஒரே எண்ணெய் நாத்தம். இடம் இல்லேன்னா பஸ்ஸுல பின்சீட்டு. விருந்தாளிங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போவேன். கதவைத் திறப்பாங்கல்ல, அப்போ எட்டிப் பார்த்ததுதான்."

"இத்தனை வருஷமாவா?"

"நீ ஆசையாக் கேட்டே. எண்ணெய் நாத்தத்தையா சொல்லச் சொல்றே?"

அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். நான் நகரவில்லை. அத்தையின் முகம் சிவந்தது. கையிலிருந்த துணியை முறுக்கியபடி நின்றார். பிறகு சொன்னார்: "அப்போ ரெண்டு பேருக்குமே இதுதான் முதல் தடவை. போய்க் குளி. டீசல் நாத்தத்தோட என் விரிப்புல படுத்தே, உதைப்பேன்."

விஷயம் மாடி மாடியாகப் பரவியது. கேலி செய்தவர்கள்கூட ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில் ஆறாம் மாடி டோங்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் இரண்டே அறை, ஏழு பேர். டோங்காவின் அம்மா தயங்கித் தயங்கி ஒரு இரவுக்கு அறையைக் கேட்டார். அத்தை சாவியைக் கையில் வைத்து அழுத்தினார். அன்று அவரும் மாமாவும் சமையலறைப் பலகையில் படுத்தார்கள். காலையில் அத்தை கதவைத் தட்டி, காப்பியும் சூடான பாலாடைக்கட்டி அடையும் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

அதன்பின் எங்கள் கட்டடத்துப் புதுமணத் தம்பதிகள் எல்லாரும் அங்கேதான் முதல் இரவைக் கழித்தார்கள். அத்தை காசு வாங்கமாட்டார். புகைபிடிக்கக் கூடாது, செருப்போடு ஏறக் கூடாது, அவ்வளவுதான். என் முறையும் வந்தது. என் கணவர் க்ராசிமிர் விளையாட்டாகத் தொலைபேசியை எடுத்து, "ஹலோ, ரூமுக்கு ரெண்டு பீர்!" என்றார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல்: "பீரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது! தூங்குங்க பிள்ளைங்களா!" விரிப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அந்தக் கஞ்சி வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறிப்போனது. வெளிநாட்டுப் பயணிகள் குறைந்தார்கள். மாமா இஸ்தான்புல்லுக்கு வியாபாரிகளை ஏற்றிப்போனார். கட்டடத்துப் பிள்ளைகள் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்கள். சாவி கேட்டு யாரும் வரவில்லை. ஆனாலும் அத்தை சனிக்கிழமைதோறும் விரிப்பு மாற்றினார். "யாராவது வந்தா?" என்பார்.

போன குளிர்காலத்தில் அத்தை இறந்தார். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்குப் பென்யோ மாமா எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். டோங்கா வந்தாள், நாங்கள் வந்தோம், வளர்ந்த பிள்ளைகளும் வந்தார்கள். எல்லாரும் கோதுமைப் பொங்கலை மென்றுகொண்டிருந்தோம். டோங்கா அந்த ஓட்டல் அறைக் கதவைப் பார்த்தாள், தன் மூத்த மகனைப் பார்த்தாள், பிறகு என் மூத்த மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எதுக்கும்மா சிரிக்கிறீங்க?" என்று என் மகள் கேட்டாள்.

"சாப்பிடு," என்றேன்.