சின்னச் சக்கரம் வைத்த டர்ட் பைக்

அண்ணன் வாங்கியதிலேயே உருப்படாத பொருள் அந்த டர்ட் பைக்தான் என்பார் அப்பா. லைட் கிடையாது. பின்னால் ஒரு ஆள் உட்கார முடியாது. சந்தைக்குப் போனால் ஒரு பை மாட்ட இடமில்லை. எனக்கோ அதைப் போல அழகான வண்டி உலகத்திலேயே கிடையாது. குதிரை உயரம் இருக்கும். பனமரத்துப்பட்டி ஏரி வற்றிக் கிடக்கும் நாட்களில் அண்ணன் அதில் மேடும் பள்ளமும் தாவிவிட்டு, தலையெல்லாம் புழுதியாக வீடு திரும்புவான். ஒருநாள் எஞ்சின் சிக்கி நின்றது. வடக்கே போய்ச் சம்பாதித்து வந்து வேறு எஞ்சின் வைக்கிறேன் என்று வண்டியை மாட்டுக்கொட்டகையில் நிறுத்திவிட்டு, போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனான்.

திரும்பி வந்தது ஆம்புலன்ஸில். ரிக்கில் இருந்து ஒரு இரும்புக் குழாய் நழுவி இடுப்பில் விழுந்திருந்தது. வலது காலில் உணர்ச்சியில்லை. சேலத்து டாக்டர் அப்பாவையும் மாமாவையும் தனியாகக் கூப்பிட்டு, நரம்பு போய்விட்டது, அந்தக் கால் இனி வராது என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னார்கள். கல்யாணமாகாத பையன், மனசு விட்டுவிடுவான் என்று அண்ணனிடம் மறைத்துவிட்டார்கள். நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. என்னிடம் யார் சொல்லப் போகிறார்கள்? "செரியாயிரும் சாமி" என்பதை வீட்டில் வேளாவேளைக்கு மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவந்தோம். அண்ணனும் நம்பினான். தை பிறந்தால் நடந்துவிடுவேன் என்றான். தை போய்ப் பங்குனி வந்ததும் ஆடிக்குத் தள்ளிப்போட்டான். பிறகு பேச்சு குறைந்தது, சோறும் குறைந்தது. கட்டிலைவிட்டு வாசலுக்கு வரக்கூட மறுத்தான்.

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவருக்கு வாய் வராது, கைதான் வரும். சாவு வீட்டுக்குப் போனால்கூட ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல், ஆடுகிற பந்தல்காலை இறுக்கிக் கட்டிவிட்டு வருவார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து டர்ட் பைக்கைக் குட்டியானை வேனில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார். ரொம்ப நாளைக்குப் பிறகு அண்ணன் அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அம்மாவோடு பட்டறைக்குப் போனபோது வண்டியைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய எஞ்சின் இருந்த இடம் காலி. கியரே இல்லாத ஏதோ ஒரு ஸ்கூட்டரின் எஞ்சினை அதன் பின்சக்கரத்தோடு சேர்த்துக் கோத்திருந்தார். முன்னாலும் ஸ்கூட்டர் சக்கரம்தான். பெரிய சக்கரங்கள் இரண்டும் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இந்தக் குதிரையோ படுத்து ஆட்டுக்குட்டி மட்டத்துக்கு வந்திருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். "உங்கண்ணன் ஏறோணுமில்ல சாமி" என்றார் மாமா. அவ்வளவுதான் அவர் பேச்சு.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வாசலில் பூசை. அக்கம்பக்கத்தார் வந்திருந்தார்கள். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். வண்டிக்கு உரியவன்தான் முதலில் உட்கார்ந்து பழத்தின் மேல் ஏற்ற வேண்டும். அப்பாவும் மாமாவும் அண்ணனைத் தோள் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். நான் பயந்தபடி அவன் கோபப்படவில்லை. சிரித்தான்.

"என்னங் மாமா, எம்பட வண்டிய இப்பிடிக் குள்ளமாக்கிட்டீங்க? செரி, கால் செரியாகற வரைக்கும் ஓட்டிக்கறேன்."

மாமா குனிந்து அவனுடைய வலது காலை எடுத்து வைத்தார். அந்தப் பக்கம் கால் வைக்கும் கம்பிக்குப் பதிலாக ஓர் அகலமான இரும்புத் தகடு இருந்தது. பாதம் நழுவாமலிருக்க ஓரத்தில் விளிம்பு, மேலே ஒரு பெல்ட். மாமா பெல்ட்டை மாட்டினார். அண்ணன் தகட்டின் அடியில் விரலால் தடவிப் பார்த்தான்.

"போல்ட்டு போடலீங்களா மாமா? பொறகு கழட்டோணுமில்ல?"

"போல்ட்டு ஆடி லூசாயிரும் மாப்ள. சுத்தியும் வெல்டிங் வெச்சுட்டேன். உன்ற ஆயுசுக்கும் அசையாது."

கேள்வி வேலையைப் பற்றியது என்றே மாமா நினைத்துவிட்டார். வேலையைப் பற்றி அவர் பொய் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். கற்பூரப் புகை கண்ணில் பட்டது போல அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். சரியாக இருந்த எலுமிச்சம்பழத்தை அப்பா குனிந்து மறுபடி சரி செய்தார். அண்ணன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். அப்பா நிமிரும்வரை காத்திருந்து அவர் முகத்தையும் பார்த்தான். சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

அவன் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். பழம் நசுங்கியது. தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து நிறுத்தினான். வண்டி நன்றாகத்தான் ஓடியது. அவன் முகம் மட்டும் செத்துப்போயிருந்தது. சின்னச் சக்கரம் பிடிக்காமல்தான் அப்படி இருக்கிறான் என்று எண்ணி, நான் ஓடிப்போய் அவன் காதில் சொன்னேன்.

"பெரிய சக்கரம் பட்டறையிலதான் இருக்குதுண்ணா. உனக்குக் கால் செரியானதும் மாட்டிக்கலாம்."

அண்ணன் என்னையே பார்த்தான். என் தலையில் கை வைத்தான்.

"ஆமா சாமி. செரியாயிரும். மாட்டிக்கலாம்."

எனக்கு ஒரே பெருமை. பெரியவர்கள் இத்தனை பேர் வாயடைத்து நிற்க, அண்ணனைத் தேற்றியது நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 'செரியாயிரும்' என்று மற்றவர்கள் சொல்லித் தேற்ற வேண்டியவளாக அந்த வீட்டில் இனி நான் ஒருத்திதான் மிச்சம் என்பது எனக்கு அப்போது தெரியாது.