மேலே இருந்த டிஸ்க்

வீட்டு பிளான் வரையும் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்து இருபது நாளான மகளைப் பார்க்க ஓடும் அவசரத்தில், கம்ப்யூட்டருக்குள்ளேயே தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் புது விர்ச்சுவல் மெஷினில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்றும் முன்பே, பழைய பிளான்கள் இருந்த டிஸ்க்கையும் அதில் இணைத்துவிட்டார். ஏற்றி முடித்ததும் அப்படியே காப்பி செய்துவிடலாம் என்று நினைப்பு. எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று திரை கேட்டது. காலியான புது டிஸ்க், பழைய டிஸ்க் இரண்டும் ஒரே அளவு. மேலே இருந்ததைத் தொட்டார். பழையது துடைத்தாற்போல் அழிந்தது.

"என்ன மாப்பிள்ள, பேயறஞ்ச மாதிரி இருக்க? பாப்பா தூங்க விடலையா?" என்றார் பிளான் வரைபவர்.

"அண்ணே, உங்க பன்னெண்டு வருஷ வேலை போயிடுச்சு. வேற காப்பியும் இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவ நல்லாப் பாரு."

மாப்பிள்ளை ஐந்தாவது முறையாகப் பார்த்தார். புது மெஷினுக்கு என்ன பெயர் வைக்க என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.