பீ-ஹுய் கொடுத்த நான்காவது பாட்டு

பீ-ஹுய்யின் பாட்டு வாழ்க்கை பதினான்கு மாதங்கள்தான். மொத்தம் நான்கு பாட்டுகள். நான்காவதைப் பழி தீர்ப்பதற்கென்றே எழுதினாள். அது தவறு என்று எங்கள் கொட்டகையில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

தைவானின் புதாய் துறைமுகத்தில் சிப்பி உடைக்கும் கொட்டகை அது. நாங்கள் எட்டுப் பேர். வேலை முடிந்ததும் பீ-ஹுய் வீட்டுக்குப் போய்த் துணி அலமாரிக்குள் புகுந்துகொள்வாள். எதிரொலி வராமலிருக்கக் குளிர்காலப் போர்வையைத் தொங்கவிட்டு, கைபேசியில் பாடிப் பதிவு செய்வாள். எல்லாம் எங்கள் தைவானிய மொழியில். முதல் பாட்டை இணையத்தில் கேட்டவர்கள் அறுபது பேர். அதில் எட்டுப் பேர் நாங்கள்.

இன்னொருவன் ஜுன்யென். தலைநகர் தைபேயில் மாண்டரின் சீனம் பேசி வளர்ந்த பாடகன்; எங்கள் மொழி அவனுக்கு அரைகுறை.

"அக்கா, இதை நல்ல ஸ்டுடியோவுல பாடி, உங்க பேரைப் போட்டே வெளியிடறேன்" என்றான்.

பாட்டு வெளிவந்தது. டிவி தொடர் ஒன்றிலும் ஒலித்தது. எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர். அவள் போனில் கேட்டதற்குச் சிரித்தான். "கடலோரத்துல எல்லாரும் முணுமுணுக்கிற மெட்டுதானேக்கா? அதுக்குப் போய்ப் பேரு என்ன பேரு?"

அவள் அழவில்லை. "என் பேரை அவன் வாயாலயே சொல்ல வைக்கிறேன்" என்றாள்.

"அந்த வாயில சிப்பி ஓட்டைத் திணிக்கணும்டி" என்றாள் கொட்டகை முதலாளி ஆ-கியோக் அக்கா.

எங்கள் கடல் தெய்வம் மாசூ அம்மனின் பிறந்தநாள் விழாவில் பாட, கோவில் குழு ஜுன்யென்னையே அழைத்தது. ஊருக்கென்று புதுப் பாட்டும் கேட்டார்கள். அவன் வெட்கமில்லாமல் அவளுக்கே போன் செய்து பாட்டுக் கேட்டான்.

"இந்தத் தடவை கண்டிப்பா பேர் போடறேன்கா."

"பேரெல்லாம் எதுக்கு தம்பி? எடுத்துக்கோ."

எங்கள் மொழியில் 'காவ்' என்பதைத் தாழ்ந்த குரலில் இறக்கினால் 'வந்துவிட்டேன்'. உச்சத்திலிருந்து இறக்கினால் 'நாய்'. 'நான் வந்துவிட்டேன், உன் வாசலில்' என்றுதான் அவள் தாளில் எழுதிக் கொடுத்தாள். மெட்டைத்தான் அந்தச் சொல்லில் உச்சத்திலிருந்து இறங்கும்படி வைத்தாள். அவன் ஒலிகளைப் பள்ளியில் மாண்டரினுக்குக் கற்ற ஒலிக்குறியீடுகளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டான். யாரிடமும் பாடிக் காட்டிச் சரிபார்க்கவில்லை.

"அம்மன் முன்னாடி இப்படிச் செய்யலாமாடி?" என்று ஆ-கியோக் அக்கா தயங்கினாள்.

"நாயா வந்தாலும் அம்மன் விரட்ட மாட்டாக்கா."

விழாவன்று மதியம் தெருவை அடைத்துப் பந்தியின் வட்ட மேசைகள். ஜுன்யென் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து உருகினான்: "நான் நாய்... நான் நாய், உன் வாசலில்..."

எல்லாருடைய சாப்பாட்டுக் குச்சிகளும் அப்படியே நின்றன. பின்மேசையில் யாரோ குரைத்தார்கள். அதைக் கைதட்டல் என்று எண்ணி அவன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். "நாய்! நாய்!" என்று தெருவே சேர்ந்து பாடியது.

ஆ-கியோக் அக்கா ஒரு பன்றி எலும்பைத் தூக்கிக் காட்டினாள். "வாடா கண்ணு, வந்து கவ்விக்கோ!"

விழாவை நடத்தியவர் அவன் காதில் விஷயத்தைச் சொன்னார். அவன் முகம் வெளுத்தது. "ஐயோ, இதை நான் எழுதல!" என்று மைக்கிலேயே கத்தினான்.

"பின்ன யாரு?" என்றாள் ஆ-கியோக் அக்கா.

"பீ-ஹுய்!"

"அப்போ டிவியில வந்தது?"

அவன் மைக்கைக் கீழே வைக்கப் போனான். குரைப்பு மறுபடி எழுந்தது.

"அதுவும்... அவங்கதான்."

பீ-ஹுய் இறாலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "முழுப் பேரா சொல்லு தம்பி. பின்னாடி கேக்கல."

"வெங் பீ-ஹுய்" என்றான்.

அந்தக் காணொளி தீவு முழுக்கப் பரவியது. ஒரே வாரத்தில் முதல் பாட்டில் அவள் பெயர் ஏறியது. அதன்பின் மேடைகளுக்கும் அவளை அழைத்தார்கள். ஆனால் எல்லாரும் கேட்டது நாய்ப் பாட்டைத்தான். "அது அவனுக்குக் குடுத்தது. அவனையே பாடச் சொல்லுங்க" என்று மறுத்துவிட்டாள்.

ஐந்தாவது பாட்டு ஏன் வரவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"அலமாரிக்குள்ள உக்காந்தாலே அவன் மூஞ்சிதான் வருது" என்றாள். "சிரிப்பை அடக்கிட்டு எப்படிப் பாடறது?"