அப்ளைட் மற்ஸ்

எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு படித்தவனுக்குத் தூய கணிதம், பிரயோக கணிதம் என்று இரண்டு பாடங்கள். ஆங்கிலத்தில் பியூர் மற்ஸ், அப்ளைட் மற்ஸ். அப்ளைட் மற்ஸ் செய்யாமல் ஒருவன் இஞ்சினியர் ஆக முடியாது. நான் இரண்டையும் செய்தேன், இஞ்சினியர் ஆகவில்லை. நாட்டு நிலைமை விடவில்லை என்று சொல்லிக்கொள்வேன். அது முக்கால்வாசி உண்மை.

இதைத் தெரிந்துகொண்டால்தான் ரொறன்ரோவில் நான் விட்ட பிழை விளங்கும்.

அப்போது அந்த நகரின் மல்வேர்ன் பகுதியில் இருந்தோம். எனக்குக் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்குப் பாடங்களைத் தெரிவு செய்யும் படிவம் வீட்டுக்கு வந்தது. கணக்குக்கு நேரே இரண்டு கட்டங்கள்: அக்கடமிக், அப்ளைட். மகள் சின்ன வயதிலிருந்தே பாலம் கட்டுகிற இஞ்சினியராக வரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். கணக்கில் கெட்டிக்காரி.

“அப்பா, டீச்சர் எனக்கு அக்கடமிக் எடுக்கச் சொன்னவ,” என்றாள்.

“அக்கடமிக் எண்டா சும்மா ஏட்டுப் படிப்பு, பிள்ளை. அப்ளைட் மற்ஸ் செய்தவன்தான் இஞ்சினியர். டீச்சருக்கு உன்ரை ஆசை தெரியாது, எனக்குத் தெரியும்.”

மனைவி குசினிக்குள் இருந்து, “ஆரையும் ஒருக்காக் கேட்டுப்போட்டு எழுதுங்கோவன்,” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கணக்கைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தருவது? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பேனையை எடுத்து அப்ளைட் கட்டத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் நடந்த நடை! தொழிற்சாலை இடைவேளையில், கோயில் அன்னதான வரிசையில், கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் சொன்னேன்: “மகள் அப்ளைட் மற்ஸ் செய்யிறா.” ஊரில் படித்த ஆட்கள், “அப்ப இஞ்சினியர்தான்,” என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கும் என்னைப் போல அரைகுறை அறிவுதான். மகள் ஒவ்வொரு தவணையும் தொண்ணூறுக்கு மேல் எடுத்தாள். றிப்போட்டை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விடுவாள். அதை அடக்கம் என்று நினைத்தேன்.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அடுத்த வருடப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. பள்ளிக்கூட ஆலோசகர் எங்களைக் கூப்பிட்டார். பொறுமையான பெண்மணி. அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. இங்கே அப்ளைட் என்பது கொலிஜ் என்கிற தொழிற்கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கான இலேசான கணக்கு. பல்கலைக்கழகம் போகிறவர்கள் எடுப்பது அக்கடமிக். அது இல்லாமல், இஞ்சினியரிங்குக்கு வேண்டிய கணக்கைப் பதினோராம் வகுப்பில் எடுக்க முடியாது.

ஒரு வழி இருக்கிறது என்றும் அவர் சொன்னார். அக்கடமிக் கணக்கை இனி எடுத்துப் படிக்கலாம், பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு வருடம் கூட இருக்க வேண்டிவரும், பல பிள்ளைகள் அப்படிச் செய்கிறார்கள்.

மகள் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். “நான் செய்யிறன் அப்பா. ஒரு வருசம்தானே.”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரம் கோயில் வரிசைதான் கண்ணுக்குள் நின்றது. மற்றவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போக, என் பிள்ளை மட்டும் ஏன் இன்னும் பள்ளிக்கூடத்தில் என்று கேட்பார்கள். கேட்டால் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

“ஒரு வருசத்தை வீணாக்கேலாது,” என்றேன். “கொலிஜுக்குப் போகலாம். உதுவும் படிப்புத்தான்.”

ஆலோசகர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கணினிப் பக்கம் திரும்பி ஏதோ தட்டினார்.

மகள் மருந்தக உதவியாளருக்குப் படித்து, இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கலியாணம் முடித்து அங்கேயே வீடும் வாங்கிவிட்டாள். வேலையில் நல்ல பெயர். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்ட வேலை அது இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் இனி அந்த இரண்டு கட்டங்களும் இல்லை, எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் என்று மாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று எனக்கு அழுகை வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வீட்டில் சாப்பிட்டோம். அவள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

“பிள்ளை, அப்ளைட் எண்டா இஞ்ச கீழ் வகுப்பெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு.”

“எனக்குத் தெரியும் அப்பா.”

“எப்ப தெரியும்?”

“கிரேட் நைன். ஃபர்ஸ்ட் வீக்கே தெரியும். மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணினவை.”

“பிறகேன் சொல்லேல்லை? அப்பவே மாத்தியிருக்கலாமே!” என்று கத்தினேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எனக்குக் கோபம்தான் முந்துகிறது.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. “நீங்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டீங்கள். உங்களை நான் அப்பிடிச் சந்தோசமாப் பாத்ததே இல்லை. இற்ஸ் ஓகே அப்பா.”

ஓகே இல்லை. என் முகம் வாடக்கூடாது என்று பதினான்கு வயதுப் பிள்ளை இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. அவளுக்காக ஒரு வருடம் தலைகுனிந்து நடக்க எனக்கு மனம் வரவில்லை.